ஒன்பது நாற்பதுக்கு வந்த சந்தேகம்

காலை 11.30. கணினி செத்துக் கிடந்தது. அதோடு பெரியவரின் பேச்சும் போயிருந்தது.

பக்கவாதத்தில் விழுந்த அந்த மனிதருக்கு மிச்சம் இருந்தவை இரண்டு கண்கள்தான். கண் எந்த எழுத்தில் நிற்கிறதோ அதைப் பிடித்து, சொல்லாக்கி, உரக்கப் படிக்கும் கணினி அது. மாலை நான்கு மணிக்கு வக்கீல் வருகிறார். வீட்டை விற்கச் சம்மதமா என்று பெரியவரிடமே கேட்கப்போகிறார். கணினி இல்லாவிட்டால், "கண்ணை மூடினா சரின்னு அர்த்தம் சார்" என்று மகன் எடுத்துச் சொல்வான். ஒரு மனிதன் எத்தனை நேரம்தான் கண்ணை மூடாமல் இருப்பான்?

கம்பெனியிலிருந்து வந்த பெண் இன்ஜினியரை, அவளோடு வேலை செய்பவர்கள் 'எக்ஸ்ரே' என்பார்கள். கட்டிலோரம் உட்கார்ந்து அடிமூடியைக் கழற்றினாள். உள்ளே குளமாக இருந்தது.

"தண்ணி. வாரண்டில வராது."

"மூணு வருஷம் வீட்டுக்கே வந்து பார்ப்போம்னு சொல்லித்தானே வித்தீங்க? நாலு மணிக்கு வக்கீல் வர்றாரே!" என்றாள் மகள். கணினியை வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். வெளியூரிலிருந்து முந்தின நாள் வந்திருந்தாள்.

"தானா கெட்டா பார்ப்போம்மா. போர்டு, திரை, எது போனாலும் புதுசு மாட்டுவோம். தண்ணி பட்டாலோ கீழே விழுந்தாலோ கிடையாது. அதுக்கு விபத்துக் காப்புன்னு தனியா வாங்கியிருக்கணும்."

மகள் வாங்கவில்லை. பெட்டியைப் பிரிக்கிற அவசரத்தில் அந்தத் தாளைப் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

"எப்படிக் கொட்டிச்சு?"

"என் தப்புதான்," என்றான் மகன். "ஒன்பது மணி இருக்கும். அப்பாவுக்குத் தண்ணி கொடுக்கறப்ப கை தட்டிடுச்சு."

வருத்தம் அவன் முகத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"கம்பெனிக்கு யார் போன் பண்ணீங்க?"

"நான்," என்றாள் மகள். "பத்தே காலுக்கு. மருந்துக்கடையிலேர்ந்து வந்து பார்த்தா இப்படிக் கிடந்தது. ஒரே தடவைதான் பண்ணினேன்."

எக்ஸ்ரே தன் போனைப் பார்த்தாள். இந்தக் கணினியைப் பற்றி அன்று இரண்டு அழைப்புகள் பதிவாகியிருந்தன. முதலாவது 9.40. 'சந்தேகம் கேட்டார், விளக்கம் தரப்பட்டது.' வெளியே போய் அலுவலகத்தோடு மூன்று நிமிடம் பேசிவிட்டு வந்தாள்.

"அப்பா கடைசியா உங்ககிட்ட எப்பம்மா பேசினார்?"

மகள் போனை நீட்டினாள். கணினியிலிருந்து பெரியவர் அனுப்பிய செய்தி: 'இருமல் மருந்தும் வாங்கிட்டு வாம்மா.' நேரம் 10.03.

எக்ஸ்ரே மகனிடம் திரும்பினாள். "இவ்வளவு தண்ணிக்கு இது ரெண்டு நிமிஷம் தாங்காது சார். ஒன்பது மணிக்குக் கொட்டியிருந்தா பத்து மணிக்கு மெசேஜ் போயிருக்காது."

"மணி சரியா ஞாபகம் இல்ல. பத்துன்னு வெச்சுக்குங்க."

"வெச்சுக்கறேன். அப்ப, தண்ணி பட்டா வாரண்டில சரி பண்ணுவீங்களான்னு ஒன்பது நாப்பதுக்கே எதுக்குக் கேட்டீங்க?"

மகன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பண்ண மாட்டோம்னு எங்க ஆள் சொல்லியிருக்கார். உங்க குரல் பதிவாகியிருக்கு. அதுக்கப்புறம் உங்க தங்கச்சி வெளியே போற வரைக்கும் காத்திருந்து ஊத்தியிருக்கீங்க. வேற எப்படிக் கெட்டிருந்தாலும் நான் வந்து அரை மணியில சரி பண்ணிட்டுப் போயிருப்பேன். சரி பண்ண முடியாதபடி கெடுக்கறது எப்படின்னு எங்ககிட்டயே கேட்டுக்கிட்டீங்க."

"பாவி," என்றாள் தங்கை. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

கம்பெனி வேலை அத்தோடு முடிந்தது. ஆனாலும் எக்ஸ்ரேக்கு மனது கேட்கவில்லை. டிஸ்க்கைக் கழற்றித் துடைத்துத் தன் சொந்தக் கணினியில் மாட்டினாள். கண்ணைப் படிக்கும் கேமராவையும் இணைத்தாள்.

"வக்கீல் போற வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும். கம்பெனிக்குத் தெரிய வேணாம்."

12.20. பெரியவரின் கண்கள் எழுத்து எழுத்தாக நகர்ந்தன.

"சொல்லுங்கப்பா," என்றாள் மகள். "நடந்ததை அப்படியே வக்கீல்கிட்டயும் சொல்லிடுங்க."

ஒன்பது நிமிடம் ஆயிற்று. பிறகு கணினி ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் படித்தது.

"நீ ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயிடுவே. திங்கக்கிழமை என்னைப் புரட்டிப் போடவும் கழுவி விடவும் இவன்தான் வரணும். வீட்டை விக்க எனக்குச் சம்மதம்."