அழிக்க மனம் வராத முகம்

மருத்துவமனையின் அடித்தளத்தில், பழைய சலவை அறையைத்தான் ஆராய்ச்சிக்கு ஒதுக்கியிருந்தார்கள். கதவைத் திறந்தால் இன்னும் ஈரத்துணி வாடைதான். மதியம் அவள் வந்து பையை வைக்கும்போதே உடம்பு அடித்துப்போட்டது போல இருந்தது. மகள் விழித்திருக்கும்போது வீடு போய்ச் சேர்ந்து எத்தனை நாளாயிற்றோ. அந்த அலுப்பில்தான் வேலை மொத்தத்தையும் கணினியின் தலையில் கட்டியிருந்தாள். குவிந்து கிடக்கும் மூளை ஸ்கேன்களை அவள் எழுதிய நிரல் ஒவ்வொன்றாக எடுக்கும். யாருடையது என்று தெரியாமலிருக்க முதலில் முகத்தை அழிக்கும். பிறகு, அளவுகோலாக வைத்த மாதிரி மூளை ஒன்றோடு பொருத்தி அளந்து வைக்கும்.

அந்த மாதிரி, போன வருடம் இறந்துபோன அவளுடைய அக்காவின் ஸ்கேன். அதில் மட்டும் முகத்தை அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

முடிந்த படங்களைத் திறந்தாள்.

எல்லாவற்றிலும் முகம் இருந்தது.

அக்காவின் முகம்.

ஸ்கேன் எடுக்கும் ஊழியர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "மாதிரியில முகத்தை விட்டுட்டியாம்மா? அதான் எல்லாத்துலயும் ஒட்டிக்கிச்சு. அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு வெச்சு ஓட்டு."

"இருக்கும்ணே," என்றாள், குரலே எழும்பாமல்.

அவர் போன பிறகு படங்களை வரிசையாகத் தள்ளிக்கொண்டே போனாள். முதல் படத்தில் மூடியிருந்த உதடு அடுத்ததில் லேசாகப் பிரிந்திருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம்.

அறையில் ஈர வாடை கூடியது.

கடைசிப் படம் அவளுடையது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆள் குறைகிறதென்று அவளையும் படுக்கவைத்து எடுத்திருந்தார்கள். அதில் அக்காவின் கண்கள் திறந்திருந்தன.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. தங்கை மகள் என்றால் உயிர். சாகும்போதுகூட இவள் கையைப் பிடிக்கவில்லை, அந்தக் குழந்தையின் கையைத்தான் பிடித்திருந்தாள். அழித்தால் அக்காவை இரண்டாம் முறை பறிகொடுக்க வேண்டும். அழிக்காவிட்டாலோ, இந்த முகம் எதுவரை வருமோ தெரியாது.

"மன்னிச்சுக்கோக்கா. எம் பொண்ணு எனக்காகக் காத்துட்டு இருக்கா," என்று முணுமுணுத்துவிட்டு அக்காவின் ஸ்கேனை அழித்தாள்.

வேறு மாதிரியை வைத்து மறுபடி ஓட்டினாள். இந்த முறை எல்லாப் படங்களும் வழுவழுவென்று, முகமில்லாமல் வந்தன. அவளுடையதும்தான். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். அவ்வளவு களைப்பிலும் இன்றைக்காவது நேரத்தோடு கிளம்பலாமே என்று சந்தோஷமாக இருந்தது.

வெயில் இறங்குவதற்குள் வீட்டு வாசலில் நின்றாள். மணியடித்ததும் மகளே வந்து கதவைத் திறந்தாள். ஒரு நொடி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு முகமெல்லாம் மலர்ந்தது.

"உள்ள வாங்க பெரியம்மா," என்றாள். "அம்மா வர ரொம்ப நேரமாகும்."