வாலுக்குப் பின்னால்

ஊரின் கடைசி வீட்டைத் தாண்டியதுமே அவளுக்குப் பின்னால் ஒரு சங்கிலி கிறீச்சிட்டது. எண்ணெய் காணாத சங்கிலி. பெடல் ஒரு சுற்று வரும்போதெல்லாம் யாரோ பல்லைக் கடிப்பதுபோல அந்தச் சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தாள். பனிமூட்டமும், இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த வயலும்தான் தெரிந்தன. அவள்தான் வரிசையின் வால். வாலுக்குப் பின்னால் யாரும் வரக்கூடாது என்பது சைக்கிள் சங்கத்தின் சட்டம்.

சங்கத்தலைவன் அவளுடைய அண்ணன். இருவரும் சேர்ந்து நடத்தும் சைக்கிள் கடையில் வாசலில் நின்று சிரித்துப் பேசுவது அவன், உள்ளே கிரீஸ் கையோடு குந்தியிருப்பது அவள். ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் சவாரியிலும் அதே கதைதான். "பஞ்சர் ஒட்டத் தெரிஞ்ச ஆளு பின்னாடி வந்தாத்தானம்மா எல்லாருக்கும் தெம்பு" என்பான். தொடர்ந்து மூன்று வாரம் வரிசை யாருக்காகவும் நடுவழியில் நிற்காமல் வந்துவிட்டால் அவளை முன்னால் விடுவதாக வாக்குக் கொடுத்திருந்தான். மூன்று வருடமாக அந்த மூன்று வாரம் கூடிவரவில்லை. ஒருநாள் ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடிக்கும், மறுவாரம் இன்னொருவருக்கு டயர் வெடிக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே.

போன ஞாயிறு மூன்றாவது வாரம். அன்று பார்த்து ஒரு புதுசு வந்து சேர்ந்தான், தபாலாபீஸ் குமாஸ்தா. அவன் சங்கிலி துருவேறிக் கிறீச்சிட்டது. இரண்டு முறை கழன்று விழ, இரண்டு முறையும் ஓடும் வரிசை அறியாமல் அவளே மாட்டிவிட்டுத் துரத்திப் பிடித்தாள். கால்வாய்ப் பாலத்துக்கு முந்தின வளைவில் மூன்றாவது முறை கழன்றது. அவன் கையை உயர்த்தினான். "அக்கா, ஒரு நிமிஷம்!"

அவள் மிதித்துக்கொண்டே போனாள்.

பாலத்தில் வழக்கம்போல எண்ணிக்கை நடந்தது. முன்னாலிருந்து ஒவ்வொருவராகத் தன் எண்ணைக் கத்தவேண்டும். எட்டாவதாகப் போன தையற்காரர் "எட்டு" என்றார்; அடுத்தது புதுசின் எண். தொண்டையைக் கட்டையாக்கி "ஒம்பது" என்றாள் அவள். பிறகு தன் குரலில், "பத்து."

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் டீ குடிக்கும்போது, "புதுசு எங்க?" என்று அண்ணன் கேட்டான். "பாலத்துல எண் சொன்னாரே. அப்படியே வீட்டுக்குக் கெளம்பிருப்பாரு" என்றார் தையற்காரர். வாரம் முழுக்க அவன் ஃபோனை எடுக்கவில்லை. "ஆரம்ப சூரத்தனம்" என்று அண்ணன் சிரித்தான்.

இன்று ஒன்பது பேர்தான். முதல் வளைவில் அன்றைய முதல் எண்ணிக்கை முன்னாலிருந்து உருண்டு வந்தது. "எட்டு" என்றார் தையற்காரர். "ஒம்பது" என்றாள்.

பின்னால், பனிக்குள்ளிருந்து, ஈரமான மூச்சோடு ஒரு குரல்.

"பத்து."

"என்ன வாலு, ஒரே ஆளு ரெண்டு எண் சொல்ற?" தையற்காரர் திரும்பாமலே கேட்டார். "வழியில குட்டி கிட்டி போட்டுட்டியா?"

எந்தச் சங்கிலி யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் காது அவளுக்கு. இப்போது அந்தக் காதைப் பிடுங்கி எறியலாம்போல இருந்தது. தண்ணீர் குடிக்க நின்ற இடத்தில் அண்ணனிடம் ஓடினாள்.

"அண்ணே, போன வாரம் பாலத்துல..."

"தெரியும் தெரியும், மூஞ்சியத் தூக்காத. மூணு வாரம் ஆச்சு, நான் மறக்கல. இங்கேருந்து நீதான் முன்னாடி. சந்தோஷமா?"

மூன்று வருடம். சொல்ல வந்ததை ஒரு வாய் தண்ணீரோடு விழுங்கினாள்.

"சந்தோஷம்ணே."

முன்னால் ஒருவர் முதுகும் இல்லாத சாலை. பனி விலகிக்கொண்டிருந்தது. இதற்காகத்தானே இத்தனை வருடம் ஏங்கினாள்? பின்னால் எட்டு சைக்கிள்களின் இரைச்சல், யாரோ இருமுவது, தையற்காரரின் சிரிப்பு. வளைவு நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக அடங்கின. இருமல் நின்றது. சிரிப்பு நின்றது. டயர்களின் சத்தமும் நின்றது.

கிறீச்.

வேகமாக மிதித்தாள். அதுவும் வேகமாக.

கிறீச். கிறீச்.

பாலம். கால்வாய்ச் சேற்று வாடை. துரு வாடை. சட்டப்படி முன்னால் போகிறவள்தான் தொடங்கவேண்டும்.

"ஒண்ணு!" குரல் உடைந்தது.

அண்ணனின் குரலுக்காகக் காத்திருந்தாள். அண்ணனின் குரல் போதும். அது மட்டும் போதும்.

"ரெண்டு" என்றது, அவள் பிடரிக்கு அருகில், ஈரமாக.

மூன்று வரவில்லை.

முதுகுக்குப் பின்னால் வெயில் வந்தது. அவள் நிழல் சாலையில் நீளமாக விழுந்தது. அதன் பின்சக்கரத்தை ஒட்டி இன்னொரு நிழல். சைக்கிள்மேல் உட்கார்ந்து, ஒரு கையை உயர்த்திக்கொண்டு.

உயர்ந்திருந்த கை மெல்லக் கீழே இறங்கி, அவள் நிழலின் தோளில் அமர்ந்தது.