செம்பூர் வீட்டுக் காசுமாலை

இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் மாட்டுங்காவில் நடந்த ஒரு திருட்டைச் சொல்கிறேன். தடயம் ஒன்றையும் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு முந்தி யாராவது கண்டுபிடித்துவிட்டால் சமர்த்தாக வாயை மூடிக்கொண்டிருங்கள். பக்கத்தில் இருக்கிறவர்களும் கேட்கவேண்டாமா?

வியாழக்கிழமை, பகல் பதினொன்றரை மணி. கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம், இரண்டாவது மாடி. வாலாம்பாள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டில் அலறல் கேட்டது.

"ஐயோ, காசுமாலையைக் காணோமே!"

அம்மிணியின் குரல். அதைக் கேட்டதும் வாலாம்பாளுக்குள் ஒரு சந்தோஷம் சட்டென்று தலைநீட்டியது. அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. அரிவாள்மணையைச் சாய்த்துவிட்டு ஓடினாள்.

அந்தச் சந்தோஷத்துக்குக் காரணம் உண்டு. அம்மிணியின் புருஷன் பஞ்சாபகேசன், எல்லோருக்கும் பஞ்சு, இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. செம்பூரில் எழும்பிய ஒரு ஹவுசிங் சொசைட்டியில் சேர்ந்து, அஸ்திவாரத்துக்கு ஒரு தவணை, கூரைக்கு ஒரு தவணை என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் செலுத்தி வந்தார். அவர் குடும்பத்தில் முதல்முதலாக ஒரு சொந்த வீடு. ஆனால் சொன்ன விலையோடு வீடு நிற்காது என்பதை முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஸ்டாம்பு, மின்சார மீட்டர், தண்ணீர்க் குழாய் என்று கடைசியில் வால் முளைக்கும். அந்த வாலுக்காகத்தான் காசுமாலை. அதைச் சேட்டிடம் அடகு வைத்து, அன்று மாலை ஐந்து மணிக்குள் பணம் கட்டவேண்டும். தவறினால் வீடு காத்திருப்புப் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும்.

முதலில் இருந்த பெயர் வாலாம்பாளின் புருஷனுடையது.

ஆரம்பத்தில் பஞ்சு கூப்பிட்டபோது, "செம்பூரா? அங்கே மனுஷா இருப்பாளா ஓய்?" என்று சிரித்த மனுஷன் அவர். சுவர் எழும்பின பிறகு விழுந்தடித்து ஓடிப் பெயர் கொடுத்தார். வாலாம்பாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மிணியோடு போய் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். கடல்காற்று வரும் பால்கனி, வீட்டுக்குள்ளேயே குளியலறை. அன்றிலிருந்து அம்மிணி சிரித்தால் இவளுக்கு நெஞ்சு கரித்தது.

எதிர்வீடு இரண்டே அறை. முன்னறை, உள்ளே சமையலறை. சமையலறைக் கோடியில் சுவாமி அலமாரி, அதை ஒட்டிப் பாத்திரம் தேய்க்கும் மோரி. அம்மிணி அலமாரி முன்னால் சரிந்து உட்கார்ந்திருந்தாள். சேட்டைப் பார்த்துவிட்டு அப்போதுதான் திரும்பிய பஞ்சு அரிசி டின்னைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். முன்னறை மூலையில், சுருட்டிய பாயோடு ருக்கு உட்கார்ந்திருந்தாள். ருக்கு பஞ்சுவின் தம்பி மனைவி. அந்த இரண்டு அறையில்தான் அந்த ஜோடியும் குடித்தனம். தம்பி விடிவதற்கு முன்பே வேலைக்குப் போயிருந்தார். அவள் அன்று தூரம். அந்தக் காலத்தில் மாதத்தில் மூன்று நாள் பெண்கள் இப்படி ஒதுங்கி உட்காருவார்கள். சமையலறைப் பக்கம் போகமாட்டார்கள். அவர்களையோ அவர்கள் பாயையோ தட்டையோ மற்றவர்கள் தொடமாட்டார்கள்.

"எப்போ கடைசியா பார்த்தே?" என்றாள் வாலாம்பாள்.

"கார்த்தால சுவாமி பாதத்துல வெச்சேன், மாமி. இவர் சாப்பிட்டுக் கிளம்பினார். ருக்குவுக்குச் சாதம் போட்டேன். மடித்துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனேன். எறங்கி வந்தப்போ பேராச்சி பாத்திரம் தேய்ச்சிண்டிருந்தா. இப்போ எடுக்கலாம்னு பார்த்தா தட்டு காலி!"

மூலையிலிருந்து ருக்கு மெல்லச் சொன்னாள். "மாமியும் நடுவுல வந்துட்டுப் போனா, மன்னி."

பஞ்சு டின்னைக் கீழே வைத்தார். நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை வாலாம்பாளின் முதுகுத்தண்டுவரை போயிற்று.

"வந்தேன். தயிருக்கு உறை கேக்க வாசப்படிவரை வந்தேன். நீ பாயைச் சுருட்டிண்டிருந்தே. மன்னி மாடியிலே இருக்கான்னே. திரும்பிட்டேன். என் ஆத்தைத் தொறந்து போட்டிருக்கேன், பஞ்சு. போய் சோதனை பண்ணிக்கோ. எடுத்தது யாருன்னு நானே கண்டுபிடிச்சுத் தரேன்."

பக்கத்துக் கட்டடத்தில் வேலையாக இருந்த பேராச்சியை அழைத்து வந்தார்கள். தாராவியிலிருந்து வருகிறவள், திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அவளுடைய பையை அம்மிணி உதறினாள். வெற்றிலையும் ஒரு சீப்பும் விழுந்தன.

"என்னம்மா இது? நாலு பில்டிங்குல வேல பாக்கேன். ஒரு ஸ்பூன் கொறஞ்சதுன்னு யாராவது சொல்லட்டும்!"

"நீ வரச்சே உள்ளே யார் இருந்தா?" என்றாள் வாலாம்பாள்.

"சின்னம்மா மட்டும் மூலையில இருந்தாவ. நான் நேரா மோரிக்குப் போனேன். கெடந்ததத் தேய்ச்சேன், கவுத்தேன், போனேன்."

"என்னென்ன கெடந்தது?"

"இதென்ன கேள்வி? கொழம்புச் சட்டி, ஐயா சாப்ட்ட எவர்சில்வர் தட்டு, அந்த நெளிஞ்ச அலுமினியத் தட்டு, காப்பி தம்ளரு. சாமி அலமாரிய நான் என்னத்துக்குத் தொடுதேன்? எங்க ஒத்தை ரூமு கோலியிலயும் சாமி இருக்குல்லா!"

"ருக்கு எடுத்திருக்க முடியாது. தூரமா இருக்கறவ சுவாமிகிட்ட போவாளா?" என்று அழுதாள் அம்மிணி. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வாலாம்பாளும் தலையாட்டினாள்.

வீடு முழுக்கக் கவிழ்த்துத் தேடியும் காசுமாலை கிடைக்கவில்லை. மணி மூன்று. பஞ்சு சட்டையை மாட்டினார். "இன்னும் ஒரு தடவை தேடிட்டு, நான் போலீஸைக் கூட்டிண்டு வரேன். இவளை எங்கேயும் விடாதேங்கோ."

பேராச்சி வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். "போலீஸ் வந்தா எனக்கு எந்த வீட்ல வேல குடுப்பாவ?"

வாலாம்பாள் தன் வீட்டுக்குத் திரும்பினாள். கத்தரிக்காய் கறுத்துக் கிடந்தது. தண்ணீர் குடிக்கச் சுவரோரம் போனாள். அங்கே ஆணியில் அவளுடைய அலுமினியத் தட்டு தொங்கியது. அவள் ஒதுங்கி உட்காரும் நாட்களுக்கென்று தனியாக வைத்திருக்கும் தட்டு. பார்த்தபடியே நின்றாள்.

பிறகு மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்ததும் என்ன செய்தாள் என்கிறீர்கள்? ஒன்றும் செய்யவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் இரண்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பால்கனி அவளுடையது. கொடி எங்கே கட்டலாம், துளசித் தொட்டி எங்கே வைக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டாள். திருடவில்லையே, பேசாமல்தானே இருக்கிறேன் என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

கதவு திறந்திருந்தது. எதிர்வீட்டு மூலையிலிருந்து ருக்கு அவளைப் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். சின்னச் சிரிப்பு. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

வாலாம்பாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்தாள். நேராக அந்த மூலைக்குப் போனாள்.

"அம்மிணி, இங்கே வா. பஞ்சு, நில்லு. போலீஸ் வேண்டாம்."

குனிந்து பாயைப் பிடித்தாள்.

"மாமி! அதைத் தொடாதேங்கோ!" என்று அம்மிணி பதறினாள்.

"தொட்டா குளிச்சுட்டுப் போறேன். வீடு முழுக்கக் கவிழ்த்தேளே, இந்தப் பாயை யாராவது உதறினேளா?"

ஒரே உதறல். தலையணை விழுந்தது. உறைக்குள்ளிருந்து காசுமாலை சலசலவென்று தரையில் சரிந்தது.

அம்மிணி அதை வாரி எடுத்தாள். வாசலில் பேராச்சி மூக்கைச் சிந்தினாள்.

"எப்படி மாமி?" என்றார் பஞ்சு.

"நெளிஞ்ச அலுமினியத் தட்டுன்னு பேராச்சி சொன்னாளே. அது யார் தட்டு? ஒதுங்கி உட்கார்றவாளுக்குன்னே வெச்சிருக்கிற தட்டு. சாப்பிட்டா வெளியே பாசேஜ் குழாய்ல தானே அலம்பிப் பாய்க்குப் பக்கத்துல கவிழ்த்துக்கணும். அது எப்படி மோரிக்குப் போச்சு? தட்டுக்குக் கால் உண்டா? அம்மிணி மாடிக்குப் போனதும் இவ எழுந்து உள்ளே போனா. கையில தட்டு இருந்தது. நித்யம் செய்யற மாதிரி மோரியில போட்டுட்டு, அலமாரிக்குப் போயிட்டா. நெஜமாவே தூரமா இருந்தா உடம்பே ஞாபகப்படுத்தியிருக்கும். நடிக்கறவளுக்கு யாரு ஞாபகப்படுத்துவா? பேராச்சிக்கு அதெல்லாம் பத்து தட்டோட பதினோராவது. நாமதான் காதுல வாங்காம விட்டோம். நான் வந்தப்போ பாயைச் சுருட்டினது எதுக்குன்னும் இப்போ தெரியறது."

ருக்கு நிமிர்ந்தாள். அழவில்லை.

"மாமியார் கழுத்து நகை அது. மூத்த மாட்டுப்பொண்ணுன்னு இவாளுக்குப் போட்டா. இப்போ அதை வெச்சு வீடு. அதுவும் மன்னி பேர்ல! இவா பால்கனியில உட்கார்ந்து காப்பி குடிப்பா. நான் இங்கே குழாயடியில க்யூ நிக்கணும். ஒருத்தராவது என்னைக் கேட்டேளா?" பிறகு வாலாம்பாளைப் பார்த்தாள். "நீங்க பேசாம இருந்திருந்தா வீடு உங்களுக்குத்தானே? உங்களுக்கும் வயிறு எரியலையா?"

"எரியறது. இப்பவும் எரியறது," என்றாள் வாலாம்பாள். "ஆனா நீ சிரிச்சதைப் பார்த்தேன் பாரு. அந்த வீட்ல நான் குடிபோனா ஆயுசு முழுக்க அந்தச் சிரிப்புக்குப் பதில் சிரிச்சிண்டிருக்கணும்."

மணி மூன்றேமுக்கால். "போங்கோ, நிக்காதேங்கோ!" என்று அவள் அதட்டினாள். பஞ்சுவும் அம்மிணியும் செருப்பை மாட்டினார்கள். வாசலில் பேராச்சி வழியை மறித்தாள்.

"பையை ஒதறத் தெரிஞ்சுதுல்லா? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

அம்மிணி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "தப்புதான் பேராச்சி. என்னை மன்னிச்சுடு."

"சரி, ஓடுங்க. சேட்டு கடையச் சாத்திரப் போறாரு!"

ஐந்து அடிக்கும் முன்னே பணம் கட்டியாயிற்று. போலீசுக்குப் போகவில்லை. அடுத்த மாதமே ருக்குவும் அவள் புருஷனும் குர்லாவில் தனி அறை பார்த்துக்கொண்டு போனார்கள்.

செம்பூரில் பால் காய்ச்சின அன்று வாலாம்பாளும் போயிருந்தாள். பால்கனியில் நின்றாள். காற்று புடவைத் தலைப்பை இழுத்தது. பொறாமை போயிருக்கும் என்று நினைத்திருந்தாள். போகவில்லை, நன்றாகவே இருந்தது.

"வீடு எப்படி இருக்கு மாமி?" என்று அம்மிணி ஆசையாகக் கேட்டாள்.

வாலாம்பாள் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"சமையலறை கொஞ்சம் சின்னது," என்றாள். சமையலறை பெரியதாகத்தான் இருந்தது.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் தலைக்கு மேல் உங்களுடையதென்று ஒரு கூரை வரட்டும். அதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி பெருமூச்சு விட்டாலும், உங்கள் அடுப்பு அணையாமல் எரியட்டும், உங்கள் குழந்தைகள் வயிறு நிறைந்து தூங்கட்டும். வீட்டில் எல்லோரும் நன்றாக இருங்கள்.