கவராயம் குத்திய இடம்

ஆற்றங்கரைப் படத்தில் சின்ன வட்டத்தைக் காணோம்.

டிராயிங் வாத்தியார் வேதநாயகம், தான் வரைந்து சுவரில் மாட்டியிருந்ததை விளக்கைத் தூக்கிப் பார்த்தார். படித்துறைச் சதுரங்கள், தாமிரபரணியின் நீலப் பட்டைகள் எல்லாம் இருந்தன. கீழ்ப்படியில் நின்ற முக்கோணப் பாவாடையும் வட்டத் தலையும் மட்டும் இல்லை. அது அவர் மகள் இன்பமணி. மன்னர் முடிசூட்டுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு போனவளை, போன ஆனியில், அதே படியிலிருந்து ஆறு கொண்டுபோயிற்று.

அளவுகோலும் கவராயமும் இல்லாமல் அவர் எதையும் வரைந்ததில்லை. அவர் வரைந்த பசுவைப் பார்த்துத் தலைமை வாத்தியார் தானியேல், "பெட்டி நல்லாருக்கு வே, பூட்டு எங்கன?" என்று கேட்டிருக்கிறார்.

நாளை மகளுக்கு முதல் வருஷ ஜெபம். சாயங்காலம் வேதக்கோயிலுக்குப் புறப்படும்போது மனைவி எலிசபெத் குடையோடு நின்று கேட்டிருந்தாள்.

"பிள்ள மொகத்த வரைஞ்சாச்சா?"

"வரையுதேன்."

"கண்ணு மூக்கு வைக்கணும். எம்பிள்ளைய உருண்டையா ஆக்கிராதிய."

அவளிடம் அவர் சொல்லாதது ஒன்றுதான். முகம் மறந்துவிட்டது. கண்ணை மூடினால் வட்டம்தான் வந்தது.

ஓட்டின்மேல் சாரல் இரைந்துகொண்டிருக்க, அந்த இரைச்சலுக்கு அடியில், வீட்டுக்குள்ளேயே எங்கோ, ஈரத் துணியிலிருந்து தரையில் விழுவதுபோல ஒரு சொட்டுச் சத்தம் பைய நடந்து வந்தது. கூடவே படித்துறைப் பாசியின் வாடை.

அடுத்த படம் வாசற்கதவு. அதில் அவர் ஆள் வரைந்ததில்லை. இப்போது நிலையோரம் முக்கோணம், வட்டம். தொட்டார். ஈரம்.

அதற்கடுத்தது அடுக்களை. பானைக்குப் பக்கத்தில் வட்டம். கொஞ்சம் பெரிதாக.

கடைசிப் படம் இந்த அறை. மேசை. நாற்காலி. நடுவில் வட்டம். இன்னும் பெரிதாக.

சொட்டுச் சத்தம் அவருக்குப் பின்னால் வந்து நின்றது. மிட்டாய் வாசனை.

பயம்தான். ஆனால் முகத்தைப் பார்த்துவிடலாமே.

திரும்பினார்.

ஈரப் பாவாடை. சின்னக் கைகள். தலை, பிசிறில்லாத வட்டம். கண் இல்லை. வாய் இல்லை. நடுவில் கவராயம் குத்திய ஒரு துளை. அதிலிருந்து ஆற்றுத் தண்ணீர் சொட்டியது.

அவள் மேசையிலிருந்த தூரிகையை எடுத்து அவர் கையில் வைத்தாள். துடைத்துவிடச் சொல்லி முகத்தை நீட்டுவாளே, அதே மாதிரி நிமிர்ந்து, பொறுமையாக நின்றாள்.

தூரிகையை வட்டத்தருகே கொண்டுபோனார்.

"கண்ணு... இங்கனயா, தாயி?"

சொட்டு. சொட்டு.

வாசலில் குடை மடங்கும் சத்தம்.

"வரைஞ்சாச்சா?" என்றாள் எலிசபெத்.

வட்டம் அந்தக் குரல் பக்கம் திரும்பியது.