சூடாகாத விளக்குகள்

அணைந்த விளக்கைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. விளக்கு என்றால் அணையத்தான் செய்யும். அணைந்த விளக்கு யாரும் தொடாமல் தானாக எரிந்ததுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. கூடத்து ஃபால்ஸ் சீலிங்கில் வட்ட வட்டமாய்ப் பதித்த ஹாலஜன் விளக்குகள். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அவற்றில் ஒன்று அணையும். கொஞ்ச நேரத்தில் பக்கத்து விளக்கு அணையும், முதலில் அணைந்தது மெல்ல எரியத் தொடங்கும். எப்போதும் பக்கத்து விளக்குதான். ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போனதே இல்லை.

அச்சகத்துக்கு மெய்ப்புத் திருத்துவது அவன் தொழில், வீட்டிலிருந்தே வேலை. நாள் முழுக்கப் பிறத்தியார் பிழையைத் தோண்டுகிறவனுக்குத் தன் வீட்டுப் பிழையை விட்டுவைக்க மனம் வருமா? ஏணி போட்டு ஏறினான். கண்ணாடியில் விரல் படாமல் கைக்குட்டையால் பிடித்து பல்பை மாற்றினான். சுவிட்சை மாற்றினான். அதுபாட்டுக்கு அணைந்தது, அதுபாட்டுக்கு எரிந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக்குவதில் அவனுக்கு ஏற்கெனவே நல்ல பெயர் உண்டு.

"எஞ்சினியர் ஐயா, கிணறு வெட்டப் போய் பூதத்தக் கிளப்பிடாதீங்க. ஆளக் கூப்பிடுங்க" என்றாள் மனைவி. ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. பிரசவ விடுப்பு முடிந்து அந்த வாரம்தான் திரும்பப் போகத் தொடங்கியிருந்தாள். மாலை ஷிப்டில் அவள் போனால், கூடத்து மரத்தொட்டிலில் கிடக்கும் கைக்குழந்தை இவன் பொறுப்பு.

எலக்ட்ரீஷியன் மத்தியானம் வந்தான். வாய் ஓயாதவன்.

"பல்புல கோளாறு இல்ல சார். இது கொள்ளிக்கட்டை மாதிரி சூடாகும். மேல ஏதாவது மூடிக்கிச்சுன்னா சூடு வெளிய போகாது. தீப்பிடிக்கக் கூடாதில்ல, அதனால தானா அணைஞ்சிடும். மூடினது விலகி, ஆறினதும் மறுபடி எரியும்."

"எது போய் மூடுது?"

ஒரு விளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினான். "பஞ்சுதான் சார். குளிர் இறங்காம இருக்கப் போடுவாங்கல்ல, அது நகர்ந்து விளக்கு மேல கெடக்கு. நல்லா மெத்து மெத்துன்னு..."

பேச்சு அங்கேயே நின்றது. கையை வெளியே இழுத்துக் கால்சட்டையில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான். "எல்.இ.டி. போட்டுடறேன் சார். சூடே ஆகாது. இனிமே அணையவே அணையாது, அதுக்கு நான் கேரண்டி." வீட்டு விளக்கு அத்தனையையும் மாற்றியவன், வேறு வார்த்தை பேசாமல் கிளம்பினான். கொண்டுவந்த ஏணியை எடுத்துப் போகக்கூட மறந்துவிட்டான்.

சாயங்காலம் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் தடுப்பூசி போட்டிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. ஊசி போட்டால் ஒருநாள் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"மருந்து குடுத்துட்டேன். பால மட்டும் நேரத்துக்குக் குடுத்துடுங்க. விளக்குக்கு என்னவாம்?"

"மேல பஞ்சு நகர்ந்து மூடிக்கிச்சாம்."

"பஞ்சா? வீடு கட்டும்போது பஞ்சே வேணாம், தண்டம்னு சொன்னது நீங்கதானே?" சிரித்தபடி கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

புது விளக்குகள் இமைக்காமல் எரிந்தன. அந்த வெள்ளை வெளிச்சத்தில் துளிச் சூடு இல்லை. சுவர், தரை, மேசை மேல் விரித்திருந்த மெய்ப்புத் தாள் எல்லாமே சில்லிட்டுப் போக, தலைக்கு மேலே கூரை அட்டையின் மறுபக்கத்தில், நனைந்த ரஜாய்ப் போர்வையை யாரோ மூலையிலிருந்து இழுத்து வருவது போன்ற சத்தம் கிளம்பி, முதல் விளக்கின் மேல் வந்து நின்று, காத்திருந்து, அடுத்த விளக்குக்கு நகர்ந்து, அங்கும் காத்திருந்து, அதற்கும் அடுத்ததற்குப் போனது. பல நாள் குளிக்காத தலையின் வாடை மெல்ல இறங்கியது. எலி என்று சொல்லிக்கொண்டான். எலி என்றால் ஓடும். இது ஊர்ந்தது.

குழந்தை சிணுங்கியது. "அழாதடா தங்கம், அப்பா இதோ வந்துட்டேன்" என்று சமையலறைக்குப் போனான். எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவன். பாத்திரத்தில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, பால் புட்டியை அதில் நிறுத்தி, அடுப்பைப் பெரிதாக எரியவிட்டான்.

சத்தம் கூடத்திலிருந்து நடையைக் கடந்து சமையலறைக்கு வந்தது. நேரே அடுப்புக்கு மேலே நின்றது. கூரை அட்டை லேசாகத் தொய்ந்தது. பிறகு ஒரு பெருமூச்சு. வேலை முடிந்து படுக்கையில் விழுகிறவர்கள் விடுவது.

அதற்குக் குளிர்கிறது. அவ்வளவுதான். இத்தனை நாளும் ஒரு விளக்கின் மேல் படுத்திருந்திருக்கிறது. அது அணைந்து ஆறத் தொடங்கியதும் பக்கத்து விளக்கின் மேல் புரண்டு படுத்திருக்கிறது. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. இவன்தான் ஆள் வைத்துப் படுக்கையைப் பிடுங்கினான்.

அடுப்பு எரியட்டும். எரிகிற வரை அது இங்கேயே கிடக்கும். குழந்தையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவிடலாம். மூச்சுக் காட்டாமல் பின்னால் நகர்ந்தான். சமையலறை வாசற்படி. நடை. பாதி நடை.

முதுகுக்குப் பின்னால் தண்ணீர் பொங்கி வழிந்தது.

உஸ்ஸ்.

அடுப்பு அணைந்தது.

மேலே அமைதி. பிறகு அவன் தலையைத் தாண்டி, கூடத்தை நோக்கி, அது போனது. இந்த முறை ஊரவில்லை.

வீட்டில் சூடாக மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.

ஓடினான். நாலே எட்டு. கூடத்தில் ஒரு விளக்கு கழன்று, வயரில் தொங்கி, எரிந்துகொண்டே ஆடியது. அது இருந்த இடத்தில் உள்ளங்கையளவு ஓட்டை. அதன் விளிம்பெல்லாம் ஈரமான முடி.

சிணுங்கல் இல்லை.

தொட்டிலை ஒரு சாம்பல் நிறப் போர்வை மூடியிருந்தது. அவர்கள் வீட்டில் சாம்பல் நிறத்தில் போர்வை கிடையாது. அது ஏறி இறங்கியது. அதன் ஓரத்தில் கம்பளிக் காலுறை போட்ட குட்டிக் கால் ஒன்று வெளியே தெரிந்தது. கால் ஒரு தரம் உதைத்தது. போர்வை புரண்டு, இன்னும் வாகாகப் படுத்து, அந்தக் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

அதே பெருமூச்சு.

அவன் கால்கள் நகரவில்லை. கண்ணை மூடவும் முடியவில்லை. அணைந்து தொலை, இந்த ஒரு தடவை அணைந்துவிடு என்று விளக்கைப் பார்த்துக் கெஞ்சினான். எலக்ட்ரீஷியன் சொன்ன சொல் தவறாதவன். விளக்கு அணையவே இல்லை.