எண்பதுக்கு எட்டுப் படம் குறைவு

ஒரே தாள்... ஒரு மூலை அவள் விரலில், மறு மூலை அவன் விரலில்!

மாதுங்கா மார்க்கெட்டை ஒட்டிய பழைய பேப்பர் கடை. வெளியே அறுபத்தைந்தாம் வருஷத்து ஆடி மழை. கடைக்காரச் சேட் தராசைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். ஒரு சரக்குக்கு இரண்டு கிராக்கி வந்தால் எந்த வியாபாரிக்குத்தான் கசக்கும்?

"விடுங்கோ! நான்தான் முதல்ல பார்த்தேன்."

"பார்த்தது நீங்க. எடுத்தது நான்லா!"

சுயம்பு நிமிர்ந்தான். இமையில் ஒரு மழைத்துளி... கோபத்தில் இன்னும் பெரிதாகிவிட்ட கண்கள்... தாராவியில் கடைப் பலகை எழுதும் அவன் கைக்கு, அந்த இமை வளைவை ஒரே இழுப்பில் போட்டுவிட வேண்டும் போலிருந்தது.

"நின்னுபோன பத்திரிகையோட தாள் இது. தொடர்கதையிலே இந்த அத்தியாயம் மட்டும் அம்மாகிட்டே இல்லை," என்றாள் ருக்கு. "உங்களுக்கு எதுக்கு?"

"பின்பக்கம் வேணும்."

திருப்பினாள். நாலு கட்டத்தில் ஒரு சிரிப்புப் படம். "இந்தக் கிறுக்கலா?"

"அந்தக் கிறுக்கன் நான்தாங்க..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் வெட்கத்தை ஆர்வம் ஜெயித்தது. கேள்வி மேல் கேள்வி... பத்திரிகையை மூடியபோது அவன் வரைந்த படங்களெல்லாம் குப்பையோடு போய்விட்டன. எண்பது படம் சேர்ந்தால் தானே ஒரு புத்தகம் போட்டுவிடுவான். குர்லா அச்சகம் பிள்ளையார் சதுர்த்தி வரைதான் கெடு கொடுத்திருக்கிறது. அப்புறம் தீபாவளி வேலை வந்துவிடும். பழைய பேப்பர் கடைகளில் தேடித் தேடிச் சேர்த்து, கையில் இருப்பதோ எழுபத்திரண்டு.

"அந்தத் தொடர்கதை எங்காத்துல பைண்டு பண்ணி இருக்கே! அப்போ பின்பக்கமெல்லாம்..." அவள் கண்கள் விரிந்தன. "அத்தனையும் நீங்களா!"

"அப்போ அதைப் பிரிச்சுக் கொடுங்க. அச்சுக்குப் பிளாக் எடுக்கத் தாளைத் தட்டையா வைக்கணும்."

"பிரிக்கறதா? அம்மா வாராவாரம் கத்தரிச்சுச் சேர்த்தது! உங்க பொம்மைக்காக அதைக் கிழிக்கணுமோ?"

சுருக்கென்றது. தாளை அவள் பக்கமே தள்ளினான். "வச்சுக்கிடுங்க. உங்க வீட்டுப் புஸ்தகத்தைக் கெடுத்து என் புஸ்தகம் வர வேண்டாம்."

மழையில் இறங்கி நடந்தான். சட்டை நனைந்தது, வீம்பு நனையவில்லை!

அடுத்த சனிக்கிழமை, போகக் கூடாது, போகக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனான். கடை வாசலில் ருக்கு... கையில் தையல் பிரித்த ஒரு தாள்.

"வாரம் ஒண்ணுதான். பிளாக் எடுத்துட்டுத் திருப்பித் தரணும். ஒரேயடியா பிரிச்சா அம்மாவுக்குத் தெரிஞ்சுடும்."

பேரம் படிந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு தாளும் ஒன்பது கேள்வியும் வந்தன.

"உங்க படத்துல இந்தக் குடைக்காரர் ஏன் தினம் பஸ்ஸை விடறார்?"

"ஏறிட்டா கதை முடிஞ்சிருமே..."

ஐந்தாவது சனிக்கிழமை. நாளை மறுநாள் சதுர்த்தி. "இன்னும் மூணு தாள் இருக்கே! கெடு என்னாறது?" அவள் குரலில் பதற்றம்.

சுயம்பு செருப்பைப் பார்த்தான். "ஒரு நிஜம் சொல்லுதேன்... முலுண்ட்ல ஒரு வாசகர் வீட்ல எட்டும் கிடைச்சிட்டு. மூணு வாரம் ஆச்சு."

"அப்போ ஏன் அச்சுக்குக் கொடுக்கலை?"

"கொடுத்துட்டா... சனிக்கிழமைக்கு என்ன சாக்குச் சொல்லுவேன்?"

ருக்கு மெல்லத் தன் பையைத் திறந்தாள். உள்ளே மொத்தத் தொடர்கதையும் உதிரி உதிரியாக!

"மொத வாரமே எல்லாத்தையும் பிரிச்சுட்டேன்..."

"அம்மா?"

"விட்டுப்போன அத்தியாயத்தைச் சேர்க்க பைண்டர்கிட்டே கொடுத்திருக்கேன்னு சொன்னேன். அவனை மாதிரி சோம்பேறி மாதுங்காவிலேயே இல்லைன்னு தினம் திட்டிண்டிருக்கா!"

சிரிப்பில் இருவரும் நனைந்தார்கள்.

"இப்போ குர்லாவுக்கு ஓடுங்கோ. புஸ்தகம் வந்ததும் எங்காத்துக்கு வந்து அப்பா கையிலே கொடுங்கோ."

"ஏத்துக்கிடுவாகளா?"

"புஸ்தகத்தையா?"

"...என்னை."

ருக்கு குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"அப்பா லேசிலே படிய மாட்டார். பேசறச்சே நானும் பக்கத்திலே நிப்பேன்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, சுயம்பு."