விமானத்துக்கு ஒரு வாசல்

சத்தம் நின்றதால்தான் இளமதி அண்ணாந்து பார்த்தாள்.

குட்டி விமானம் ஒன்று, இன்ஜின் ஓடாமல், காற்றில் சறுக்கிக்கொண்டு வந்தது. பரங்கிப்பேட்டை சாலையோர மைதானத்தில் இறங்கியது. இரண்டு முறை குதித்தது. குளக்கரைக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது.

விமானி குதித்து இறங்கி ஓடிவந்தார். சட்டையில் அருண்குமார் என்று பெயர்.

"அடி பட்டுச்சாண்ணா?" என்றாள் மைதானத்துக்கு எதிர்வீட்டு இளமதி.

"எனக்கு இல்லம்மா. பிளேனுக்குத்தான். பெட்ரோல் ஒழுகுது. ஒரு பொறி பட்டாலே போச்சு. தீயணைப்பு வண்டி வர்றவரைக்கும் யாரும் கிட்ட வரக்கூடாது."

யார் கேட்பார்கள்? சாலையில் ஊரே திரண்டு வந்துகொண்டிருந்தது. எல்லார் கையிலும் போன். முன்னால் வந்த டீக்கடை கண்ணாயிரத்தின் வாயில் பீடி.

"வராதீங்க, பெட்ரோல் ஒழுகுது" என்று கத்தினார் அருண்குமார். அதைக் கேட்டு இரண்டு பேர் பாட்டில் எடுக்க ஓடினார்கள்.

இளமதி வீட்டுக்கு ஓடினாள். பொங்கலுக்கு வாங்கியதில் அரை வாளி கோலமாவு மிச்சமிருந்தது. விமானத்துக்கு வெகுதூரம் தள்ளி, சாலைப் பக்கமாக, குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வளைத்துக் கோடு இழுத்தாள். ஐந்தடிக்கு ஒரு தாமரை போட்டாள். நடுவில் மட்டும் கொஞ்சம் இடம்விட்டு, அங்கே தானே நின்றுகொண்டாள்.

கூட்டம் கோலம்வரை வந்தது. நின்றது.

"கோலத்த மிதிக்காதடா" என்று யாரோ பின்னால் இருந்தவனை அதட்டினார்கள்.

"பிளேனுக்கு எதுக்குடி கோலம்?" என்றார் கண்ணாயிரம்.

"முதமுதல்ல நம்மூருக்கு வந்திருக்கு, மாமா. வாசல் வேணாமா? கோலத்துக்கிட்ட வந்து பீடி புடிக்கிறீங்களே."

கண்ணாயிரம் வெட்கத்தோடு பீடியை அணைத்தார். திரும்பிப் போய் டீயோடு வந்தார். "கைய நீட்டுப்பா தம்பி. நான் உள்ள வரமாட்டேன். சர்க்கர ஜாஸ்தி போட்டிருக்கேன்."

அருண்குமார் கோலத்துக்கு மேலே எட்டி டம்ளரை வாங்கினார். ஒரே மடக்கில் பாதியைக் குடித்தார்.

அரைமணி நேரத்தில் சிவப்பு வண்டி வந்தது. பெரிய பூட்ஸ் போட்ட அதிகாரி வேகமாக நடந்துவந்து, தாமரைக்கு முன்னால் சட்டென்று நின்றார். குனிந்து பார்த்தார்.

"பாப்பா, எந்தப் பக்கமா உள்ள போறது?"

இளமதி ஓரமாக நகர்ந்து வழிவிட்டாள்.

"வாங்க சார். வாசல் இதுதான்."